வேராவின் இரண்டாம் பாதி

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கென்று ஒவ்வொரு பி.டி. டீச்சரிடமும் ஒரு கதை இருக்கும். பலர் பி.டி. உஷாவைச் சொல்வார்கள். 1984 லாஸ் ஏஞ்சலீஸில் நொடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைநழுவியதைச் சொல்லும்போது பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். நான் சொல்லிவந்தது வேரா சாஸ்லவ்ஸ்காவின் கதை. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. ஒலிம்பிக்கில் ஏழு தங்கம், நான்கு வெள்ளி. அந்த ஏழு தங்கமும் தனிநபர் போட்டிகளில் வாங்கியவை.

உடற்கல்விக் கல்லூரியில் படித்த காலத்தில் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழாவுக்கு முன்னால் அந்தக் கதையை மாணவிகளுக்குச் சொல்வேன். எனக்குத் தெரிந்திருந்தது முன்பாதி மட்டும். பின்பாதி என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் மைதானத்துக்கே போகாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தேன். அந்தப் பின்பாதி எனக்குக் கற்றுக்கொடுத்ததை, என்னைப் போல முடங்கிக் கிடக்கும் யாருக்காவது உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முன்பாதி இதுதான். வேரா 1942-ல் ப்ராக் நகரில் பிறந்தார். சின்ன வயதில் அவர் கற்றது ஐஸ் ஸ்கேட்டிங். அவரிடம் இருந்த திறமையைக் கண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் கூட்டிவந்தவர் ஏவா போசகோவா என்ற மூத்த வீராங்கனை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் போசகோவா பேலன்ஸ் பீமில் தங்கம் வாங்கினார். அதே அணியில் ஆடிய 18 வயது வேராவுக்கு அணிப் போட்டியில் வெள்ளி கிடைத்தது. 1962-ல் ப்ராகிலேயே நடந்த உலகப் போட்டியில், சோவியத் யூனியனின் லாரிசா லாட்டினினாவுக்கு அடுத்த இடம் பிடித்தார். இரண்டே வருஷத்தில், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே லாட்டினினாவை முந்தி, எல்லா உபகரணங்களின் புள்ளியையும் கூட்டிப் பார்க்கும் ஆல்ரவுண்ட் தங்கத்தை வென்றார். வால்ட்டிலும் பீமிலும் தங்கம். 1965, 1967 ஐரோப்பியப் போட்டிகளில் பெண்களுக்கு இருந்த ஐந்து தனிநபர் பட்டங்களையும் இரண்டு முறையுமே முழுதாக அள்ளினார். 1966-ல் டோர்ட்மண்டில் நடந்த உலகப் போட்டியில் அவருடைய அணி சோவியத் அணியையே தோற்கடித்தது.

பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் ஐந்து மீட்டர். தரையில் அதே அகலத்துக்குச் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு, அதற்குள் ஓடிவந்து திரும்பச் சொல்வேன் மாணவிகளை. பாதிப்பேருக்குக் கால் வெளியே போய்விடும். "இதை இடுப்புக்கு மேல உயரத்துல வச்சு, அதுல ஒரு பொண்ணு குட்டிக்கரணம் போடுறா" என்று சொன்னபிறகுதான் கதை அவர்களுக்கு உறைக்கும்.

1968 ஜூனில் ப்ராகில் 'இரண்டாயிரம் வார்த்தைகள்' என்ற அறிக்கை வெளிவந்தது. எழுதியவர் லுட்விக் வாட்சுலிக். ஆட்சியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் அலெக்சாண்டர் டூப்செக் தொடங்கியிருந்த சீர்திருத்தங்கள் நின்றுவிடக் கூடாது, மக்களே அவற்றை முன்னெடுக்க வேண்டும் என்று கேட்ட அறிக்கை அது. வேரா அதில் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தன. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆபத்து என்ற நிலை. மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், வேரா வடக்கு மொராவியாவின் மலைப்பகுதியில் போய் ஒளிந்துகொண்டார். அங்கே பார்ஸ் கிடையாது, பீம் கிடையாது. மரக்கிளையைப் பிடித்து ஊஞ்சலாடினார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கினார். உள்ளங்கைக்காக நிலக்கரி அள்ளினார்.

நிலக்கரி எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் கையைக் காட்டுவேன். பார்ஸில் பழகியவர்களுக்கு விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாகக் காய்ப்பு ஏறியிருக்கும். அந்தக் காய்ப்பு இருந்தால்தான் பிடி நிற்கும். கொஞ்ச நாள் பழகாமல் விட்டால் தோல் மிருதுவாகிவிடும். அப்புறம் பார்ஸில் ஏறி முதல் சுற்றுப் போடும்போதே தோல் உரிந்து தொங்கும், ரத்தம் மக்னீசியம் பவுடரோடு கலந்து சேறாக ஒட்டும். அதனால்தான் அவர் மண்வெட்டிப் பிடியில் அந்தக் காய்ப்பைக் காப்பாற்றி வைத்திருந்தார். இந்த இடம் வரும்போது பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்து மெக்சிகோ போனார். அந்தக் காலத்தில் நான்கு உபகரணங்களிலும் கட்டாயப் பயிற்சி ஒன்று, சொந்தமாக அமைத்த பயிற்சி ஒன்று என்று எட்டு முறை ஆட வேண்டும். முழு மதிப்பெண் 80. வேரா வாங்கியது 78.25. ஆல்ரவுண்ட், வால்ட், அன்ஈவன் பார்ஸ், ஃப்ளோர் என்று நான்கு தங்கம். ஃப்ளோருக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்தது மெக்சிகோ நாட்டு நடன இசை. அரங்கமே அவர் பக்கம் நின்றது. ஆனால் பீமில் தங்கம் சோவியத்தின் நடாலியா குச்சின்ஸ்காயாவுக்குப் போனது. ஃப்ளோரிலும் சோவியத்தின் லாரிசா பெட்ரிக்கோடு தங்கத்தைப் பகிர வேண்டிவந்தது. முதல் சுற்றில் பெட்ரிக்குக் கொடுத்திருந்த மதிப்பெண் பிறகு உயர்த்தப்பட்டதால் வந்த சமநிலை அது. இரண்டு மேடையிலும் சோவியத் தேசிய கீதம் ஒலித்தபோது, வேரா தலையைத் தாழ்த்தி வலப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. உலகம் முழுக்க அதைப் பார்த்தது.

போட்டி முடிந்த கையோடு மெக்சிகோ நகரத்தின் பெரிய கதீட்ரலில் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜோசப் ஒட்லோசில், டோக்கியோவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கியவர். மணமக்களைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. ஊருக்குத் திரும்பியதும் தன் நான்கு தங்கப் பதக்கங்களையும் டூப்செக் உள்ளிட்ட சீர்திருத்தத் தலைவர்கள் நால்வருக்குக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

பிறகு வந்தது தண்டனை. கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வெளிநாட்டுப் பயணம் கிடையாது, பொது விளையாட்டு நிகழ்ச்சிகளில் தலைகாட்டக் கூடாது, பயிற்சியாளர் வேலையும் இல்லை. உலகம் அறிந்த அந்தப் பெண் வீடுகளில் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். அவர் எழுதிய சுயசரிதையைச் சொந்த நாட்டில் வெளியிட விடவில்லை. கேட்டுக் கேட்டு அலைந்து, வருஷங்கள் கழித்துத்தான் பயிற்சியாளராக வேலை செய்ய அனுமதி கிடைத்தது. 1979-லிருந்து இரண்டு வருஷம் மெக்சிகோவில் போய்ப் பயிற்சி கொடுக்க விட்டார்கள். அவர் மட்டும் கடைசிவரை கையெழுத்தைத் திரும்பப் பெறவே இல்லை.

நான் கதையை நிறுத்தும் இடம் இதுதான். "அவ கையெழுத்து அவளோடது. யார் மிரட்டினாலும் அழிக்கலை" என்று முடிப்பேன்.

அந்த வரி வெறும் மேடைப் பேச்சாக இருக்கவில்லை. பணியில் சேர்ந்து சில வருஷங்களில் எனக்கும் அதே சோதனை வந்தது. மாவட்டப் போட்டிக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு மாணவியின் பிறந்த வருஷத்தைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். வயது மீறிய பிள்ளையை ஜூனியர் பிரிவில் இறக்கிவிடும் ஏற்பாடு. அதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. நல்லபடியாகச் சொன்னார்கள், கோபமாகச் சொன்னார்கள், என் பதவி உயர்வை நினைவுபடுத்தினார்கள். அசையவில்லை. அதற்கப்புறம் ரொம்பக் காலம் என் மைதான நேரத்தை மற்றப் பாடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள், போட்டிகளுக்கு அணியைக் கூட்டிப்போகும் பொறுப்பு வேறு ஆளுக்குப் போனது. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, குழப்பம் இருக்கவில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. எது சரி என்பது கண்ணெதிரே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். "டீச்சர் இரும்பு" என்று ஊரில் ஒரு பெயர் நிலைத்தது. அந்தப் பெயரை நானும் நம்பினேன்.

அந்த இரும்பை உடைத்தது என் வீடு. எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அப்பா கட்டிய வீட்டைப் பிரிப்பதில் இருவருக்கும் பேச்சு நின்றது. ஒருவர் சொல்வதைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம் தெரியும், அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அவர் பக்கமும் தெரியும். நான் நடுவில் அலைந்தேன். அப்படி இருக்கும்போதே ஒருநாள் விடியற்காலையில் தம்பி மாரடைப்பில் போய்விட்டான். அண்ணன் வந்தார். பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றார். உள்ளே தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அவரை உள்ளே வரச் சொல்லாதீங்க" என்றாள். நான் யாரிடம் என்ன சொல்ல முடியும்? அவளும் என் வீட்டுப் பெண், வெளியே நிற்பவரும் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

அதற்குப் பிறகு நான் எழவில்லை. பள்ளிக்கூடம் போவேன், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன், ஓய்வறையில் உட்கார்ந்திருப்பேன். விசில் பைக்குள்ளேயே கிடந்தது. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "நீங்களே இப்படி இடிஞ்சு போயிட்டா எப்படி டீச்சர்?" அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த 'நீங்களே' ஒவ்வொரு தடவையும் என்னை இன்னும் உள்ளே தள்ளியது. இடிந்து போக எனக்கு உரிமையே இல்லாததுபோல் இருந்தது.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நடந்தது. திரிபுராவிலிருந்து போன தீபா கர்மாகர், ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண், வால்ட் இறுதிப் போட்டியில் புரொடுனோவா என்ற கடினமான தாண்டலைச் செய்து 15.066 புள்ளி எடுத்தார். வெண்கலம் 0.15 புள்ளியில் தவறி நான்காம் இடம். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வந்தால் எதுவும் கேட்க மாட்டாள். முறத்தை எடுத்துவைத்து அவரைக்காய்க்கு நார் உரிப்பாள், காப்பி போட்டுக் கொடுப்பாள், போய்விடுவாள். தீபாவின் படம் வந்த பத்திரிகைகளை அவள்தான் கொண்டுவந்து போட்டாள். அந்த மாதக் கடைசியில், ஆகஸ்ட் 30 அன்று, வேரா ப்ராகில் புற்றுநோயால் இறந்தார், 74 வயதில். அந்தச் செய்தியையும் அவளே செல்போனில் காட்டினாள்: "டீச்சர், நீங்க சொல்வீங்களே, அந்த வேரா." அதைப் படிக்கப் போய்த்தான் நான் நிறுத்திவந்த இடத்துக்குப் பிந்தைய கதையைத் தேடித்தேடிப் படித்தேன்.

1989 கடைசியில் ஆட்சி மாறியது. வாட்ஸ்லாவ் ஹாவல் அதிபரானார். வேராவைத் தன் ஆலோசகராக அழைத்துக்கொண்டார். 1990-ல் வேரா நாட்டின் ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவரானார். வீடு கூட்டப் போனவர் மறுபடி எழுந்து நின்றார் என்று இந்த இடத்தில் கதையை முடித்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1987-லேயே அவருக்கும் ஒட்லோசிலுக்கும் மணமுறிவு ஆகியிருந்தது. 1993 ஆகஸ்டில் ஒரு டிஸ்கோவில் அவர்களுடைய மகனுக்கும் தகப்பனுக்கும் கைகலப்பு. அதில் அடிபட்ட ஒட்லோசில் சில வாரங்களில் இறந்துபோனார். நீதிமன்றம் மகனுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1997-ல் ஹாவல் மன்னிப்பு வழங்கினார். இதற்கிடையில் 1995-ல் வேரா சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிலும் உறுப்பினராகியிருந்தார். அந்தப் பதவி எதுவும் அவரைக் காக்கவில்லை. கடும் மனச்சோர்வில் விழுந்து, பொதுவாழ்க்கையிலிருந்து விலகி, ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஒதுங்கியே இருந்தார்.

இதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் அழுதேன். தம்பி போனபிறகு அழ முடியாமல் இருந்தவள், அன்றைக்கு அழுதேன். டாங்கிகளால் வளைக்க முடியாத பெண்ணைத் தன் குடும்பத்துக்குள் நடந்த ஒரு சண்டை பதினைந்து வருஷம் படுக்கவைத்துவிட்டது. அது அவருடைய குறையாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் அப்படி ஆனது என்பது உடனே புரிந்தது, ஏனென்றால் நான் அதற்குள்தான் இருந்தேன்.

1968-ல் வேராவின் எதிரில் ஒரு அரசு இருந்தது. கையெழுத்தை அழிக்கலாம், அழிக்காமல் விடலாம். எது சரி என்று அவருக்குத் தெரியும். எதிர்த்து நிற்பதற்கு ஒரு பக்கம் இருந்தது. 1993-ல் அப்படி ஒரு பக்கமே இல்லை. செத்தவர் ஒரு காலத்தில் அவர் நேசித்து மணந்தவர், அவர் பிள்ளைகளின் தகப்பன். கூண்டில் நின்றவன் அவர் பெற்ற மகன். யாரை எதிர்த்து நிற்பது, எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பது? உறுதி என்பது எதையாவது எதிர்த்து ஊன்றும் கால். ஊன்ற இடமில்லாத துக்கத்தில் அந்தக் கால் என்ன செய்யும்?

படிவத்துக்கு முன்னால் நின்ற நானும் பந்தலில் நின்ற நானும் ஒரே ஆள்தான். எனக்கிருந்த தைரியம் போய்விடவில்லை; அந்தத் தைரியத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. துக்கத்துக்குத் தேவை வேறு: காலம், மருந்து, பக்கத்தில் ஒரு ஆள். இந்த வித்தியாசம் புரிந்த அன்றே, இரும்பு என்ற பெயருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதும் புரிந்தது.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனநல மருத்துவரிடம்தான். சுகர், பிரஷருக்குப் போவதைப்போலப் போய்வந்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் பயந்துகொண்டுதான் போனேன். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் ராத்திரித் தூக்கம் திரும்பியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மாணவி, "டீச்சர், எங்க தெருப் பிள்ளைங்க கோ-கோ ஆடுறாங்க, கோடு போடத் தெரியலை. வந்து போட்டுத் தர்றீங்களா?" என்றாள். 'எழுந்திருங்க' என்று சொல்லவில்லை, ஒரு வேலை கேட்டாள். போனேன். நூல் பிடித்து, சுண்ணாம்புத் தூளைக் கைநிறைய எடுத்து, குனிந்து கோடு போட்டேன். இடுப்பு வலித்தது. அந்த வலி எனக்குப் பழக்கமான வலி. அண்ணனோடும் தம்பி குடும்பத்தோடும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. இன்றைக்கும் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகத்தான் போகிறேன். ஆனால் போகிறேன்.

வேராவும் திரும்பி வந்தார். தம் அறுபதுகளின் பிற்பகுதியில் மறுபடி வெளியே வந்தார். 2010-ல் ஜப்பான் அரசு அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. 1964-லிருந்து அவரை மறக்காத நாடு அது. 2011 சுனாமியில் அடிபட்ட ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளைச் செக் நாட்டுக்கு வரவழைத்துக் கொஞ்ச நாள் சந்தோஷமாக வைத்திருந்து அனுப்பும் காரியத்தை முன்னின்று செய்தார். வீட்டையும் சொந்தத்தையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால் அவருடைய ஏழு தங்கத்தின் பக்கத்தில் வைக்க வேண்டிய காரியம் அது.

அதே 'இரண்டாயிரம் வார்த்தைகள்' அறிக்கையில் எமில் ஜாட்டோபெக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார். 1952 ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய அந்த மனிதரை ராணுவத்திலிருந்து நீக்கிக் கடுமையான உடலுழைப்பு வேலைக்குத் தள்ளினார்கள். அழுத்தம் தாங்காமல் பிறகு அவர் தம் நிலையிலிருந்து பின்வாங்கினார். முன்பெல்லாம் வேராவின் உறுதியை எடுத்துக்காட்ட அவரைத் தாழ்த்திச் சொல்கிறவர்களின் பேச்சைத் தலையாட்டிக் கேட்பேன். இப்போது முடிவதில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் உடையும் இடம் ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது அரசின் கையில் கிடைக்கிறது, சிலருக்கு வீட்டுக்குள் கிடைக்கிறது.

உங்கள் குடும்பத்திலும் ஒரு இரும்பு மனுஷி இருப்பார். எல்லோர் சண்டையையும் தீர்த்துவைத்தவர், எந்தச் சாவிலும் முன்னால் நின்று காரியம் பார்த்தவர். அவர் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டால், "நீங்களே இப்படியா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் பலத்தை அவருக்கே நினைவுபடுத்தி வெட்கப்பட வைக்காதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுங்கள். தூக்கமும் சாப்பாடும் விட்டுப்போயிருந்தால், டாக்டரிடம் போகச் சொல்லாதீர்கள்; ஆட்டோ பிடித்து நீங்களே கூடப் போங்கள். எத்தனை வாரம் ஆகும், எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். வேராவுக்குப் பதினைந்து வருஷம் ஆனது. அதற்குப் பிறகும் அவருக்கு வாழ்க்கை மிச்சம் இருந்தது, அதை அவர் மற்றவர்களுக்காகச் செலவழித்தார்.